எடெம் போட்ட ஓட்டு

— அதெல்லாம் வேணாம் வாத்தியாரே. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவரு வந்தாரா, வரலையா?

— மொதல்ல உக்காரு அக்பெனே. இந்த வெயில்ல ஆத்தங்கரையிலேருந்து நடந்து வந்திருக்க. தண்ணி குடி.

— தண்ணி வீட்டுலயே குடிச்சிட்டேன். வந்தாரா, வரலையா?

— யாரு?

— யாருன்னா கேக்குறீங்க! எம் புருஷன். உங்ககிட்ட ஆறாவது வரைக்கும் படிச்ச கொத்தனார் எடெம். நீங்க இப்ப சாஞ்சு உக்காந்திருக்கீங்களே, இந்தச் சுவரை வச்சதே அவருதான்.

— எனக்குத் தெரியாதவனா அவன்? பாரும்மா, அவன் போயி ஆறு வருஷம் ஆச்சு.

— ஆறு வருஷம் நாலு மாசம். அதனாலதான் கேக்குறேன். மூணு வாரத்துக்கு முன்னாடி, தேர்தல் அன்னிக்கு, இதே வகுப்புக்குள்ள வந்து ஓட்டுப் போட்டாராமே?

— உனக்கு யாரு சொன்னா?

— கட்சிக்கார டோசே. நேத்து பனஞ்சாராயக் கடையில நின்னுகிட்டு ஊருக்கே கேக்குற மாதிரி சொல்லியிருக்கான். 'நம்ம ஊர்ல நூத்துக்கு நூறு. ஒரு ஆளு பாக்கி இல்ல. லிபியாவுக்குப் போன எடெம்கூட வந்து நம்ம ஜனாதிபதி பெரியவருக்குப் போட்டுட்டுப் போயிட்டான்'னு. என் வடைச் சட்டிகிட்ட வந்தவங்க எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க. ஒருத்தி சிரிக்கிறா. ஒருத்தி, 'பாவம், வந்தவன் உன்னைப் பாக்காமயே போயிட்டானே'ன்னு தோளைத் தட்டுறா. நான் என்ன சொல்லட்டும்?

— டோசே குடிச்சா ஆயிரம் பேசுவான்.

— குடிக்காதப்பவும் பேசுறவன்தான் அவன். நான் அவனைக் கேக்க வரல. பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்திருந்தது நீங்க. பேரு பாத்து கையெழுத்து வாங்குனது நீங்க. அதோ அந்த மேசையில இருக்கே, அந்தப் பச்சை அட்டை நோட்டு, அதுதானே?

— அதைத் தொடாதம்மா. அரசாங்கப் பதிவேடு.

— தொடல. நீங்களே தெறந்து பாத்துச் சொல்லுங்க.

— பாரும்மா... தேர்தல்னா ஆயிரம் நடைமுறை இருக்கு. எல்லாத்தையும் வெளியில சொல்லக் கூடாது. அவ்வளவுதான்.

— எந்த நடைமுறை? அன்னிக்கு ஊர்ல ஒரு கதவு தெறந்துச்சா? பொம்பளைங்க எல்லாம் கிணத்தடியில கூடிப் பேசித்தானே முடிவெடுத்தோம்? முப்பத்தெட்டு வருஷமா ஒரே மூஞ்சி. பிரசவத்துக்குப் போனா கையுறையும் பிளேடும் நாமதான் வாங்கிட்டுப் போகணும். மழை பேஞ்சா பொணத்தைக்கூட படகுல வச்சுத்தான் எடுத்துட்டுப் போறோம். போதும், இந்தத் தடவ யாரும் போக வேணாம்னு சொன்னோம். நான் கதவைச் சாத்திட்டு உள்ளயே உக்காந்திருந்தேன். அடுப்புகூடப் பத்த வைக்கல. புகை தெரிஞ்சா டோசே வந்து தட்டுவானேன்னு.

— தெரியும்.

— தெரியுமில்ல? அப்படின்னா நூத்துக்கு நூறு எங்கேருந்து வந்துச்சு?

— நீ இதைக் கேக்கவா வந்த?

— இல்ல. அதை நாடே கேட்டுட்டு அலுத்துப் போச்சு. நான் எம் புருஷனைக் கேக்க வந்தேன்.

— ஏம்மா இவ்வளவு நாள் கழிச்சு...

— வர்ற சனிக்கெழமை அவருக்குச் சாவுச் சடங்கு வச்சிருக்காங்க.

— யாரு?

— அவரு அண்ணன் மெசான்தான். 'ஆறு வருஷமா சேதி இல்ல. செத்தவனைப் பொதைக்காம வச்சிருந்தா குடும்பத்துக்கு ஆகாது'ன்னு பெரியவங்களைக் கூட்டி முடிவு பண்ணிட்டாரு. வெளியூர்ல செத்தா தலைமுடியும் நகமுமாச்சும் கொண்டாந்து பொதைப்பாங்க. இங்க அதுவும் இல்லியே. அதனால அவரு சாந்து பூசுற கரணையையும் ஒரு பழைய சட்டையையும் பெட்டியில வச்சுப் பொதைக்கப் போறாங்க. கரணையை என்கிட்டயிருந்து நேத்தே வாங்கிட்டுப் போயிட்டாங்க.

— எனக்கு இது தெரியாதும்மா.

— உங்களுக்கு யாரு வந்து சொல்லப் போறா? சனிக்கெழமை எனக்குத் தலையை மழிச்சிடுவாங்க. ஒரு வருஷம் கறுப்புத் துணி. அது முடிஞ்சா வீடு மெசானுக்கு. வீட்டோட சேத்து நானும். ஏற்கெனவே ரெண்டு பொண்டாட்டிங்க இருக்காங்க அங்க. மூணாவதா ஒரு பாய்க்கு எடம் ஒதுக்கி வச்சிருக்காராம். பெருந்தன்மை.

— நீ முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?

— சொன்னேன். 'உயிரோட இருக்கான்னு காட்டு, நிறுத்திடுறேன்'ன்னாரு. காட்டுறதுக்கு எங்க போவேன்? மொத ரெண்டு வருஷம் தலைநகருக்கு மூணு தடவ போனேன். மூட்டை முடிச்சோட லாரியில. அமைச்சகத்துல ஒரு ஜன்னல்லேருந்து இன்னொரு ஜன்னலுக்கு அனுப்புனாங்க. செத்தவங்க பட்டியல்ல இல்லைன்னான். அங்க சிறையில கெடக்குறவங்க பட்டியல்லயும் இல்லைன்னான். கடைசி ஜன்னல்ல இருந்தவன் மூக்குக் கண்ணாடியைக் கழட்டிட்டு, 'அப்படி ஒரு ஆளு இந்த நாட்டுல இருந்தாருங்கறதுக்கு மொதல்ல என்ன ஆதாரம்?'ன்னு கேட்டான். இப்ப இருக்கு வாத்தியாரே. அதோ அந்த நோட்டுல இருக்கு.

— என்னை என்ன பண்ணச் சொல்ற?

— எடெம் இன்ன தேதியில வந்து ஓட்டுப் போட்டாருன்னு ஒரு தாள்ல எழுதி, பள்ளிக்கூட முத்திரையைக் குத்திக் குடுங்க. போதும். நான் போயி மெசான் மூஞ்சிக்கு நேரா நீட்டுறேன்.

— அக்பெனே... அது அவ்வளவு லேசு இல்லம்மா.

— ஏன்? அவரு வந்தாருன்னா எழுத வேண்டியதுதானே?

— வாத்தியாரே! ஓய் அமூசு வாத்தியாரே! பதிவேட்டை எடுத்து வையும், மத்தியானம் ஜீப் வருது! எதிர்க்கட்சிக்காரன் தலைநகர்ல வழக்குப் போட்டிருக்கான். கோர்ட்டுல எல்லா ஊர் நோட்டையும் கேட்டிருக்கான். இன்னொரு தடவ பொரட்டிப் பாரும். எல்லாத்தையும் ஒரே நீல மையில போட்டு வச்சிருக்கீரே, நடுநடுவுல கொஞ்சம் கறுப்பு கலந்தா கை தேஞ்சா போயிடும்...

— டோசே. ஆளு இருக்கு.

— யாரு? அட, அக்பெனே தங்கச்சியா! வா வா. நான் பேசுனது பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைப் பத்தி.

— வருகைப் பதிவேட்டை எதுக்குண்ணே கோர்ட்டுல கேக்குறான்?

— எல்லாத்தையும் கேப்பான், வேலையில்லாதவன். சௌக்கியமா? நம்ம பெரியவர் புண்ணியத்துல வியாபாரம் ஓடுதா?

— ஓடுது. அண்ணே, தேர்தல் அன்னிக்கு நீங்க வாசல்லயே நின்னீங்கதானே?

— காலையிலேருந்து கால் கடுக்க நின்னேன்.

— அப்ப அவரைப் பாத்திருப்பீங்க. எப்படி இருந்தாரு?

— யாரு? ஓ... எடெமா! இருந்தான், இருந்தான். ஜோரா இருந்தான். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. கொஞ்சம் சதை போட்டிருந்தான்.

— சதை போட்டிருந்தாரா?

— ஆமா தங்கச்சி. இங்க இருந்தப்ப எலும்பும் தோலுமா திரிஞ்சவன்தானே? இப்ப கன்னமெல்லாம் உப்பி... எனக்கே அடையாளம் தெரியல. அவன்தான் தோளைத் தட்டி, 'என்னண்ணே, மறந்துட்டீங்களா'ன்னான்.

— டோசே, போதும்.

— நீங்க சும்மா இருங்க வாத்தியாரே, அவரு சொல்லட்டும். என்னைப் பத்திக் கேட்டாரா அண்ணே?

— கேக்காம? மொத வார்த்தையே அதுதான். 'அக்பெனே எப்படி இருக்கா, இன்னும் வடை போடுறாளா, கை சுட்டுக்காம இருக்காளா'ன்னு...

— கை சுட்டுக்காம இருக்காளான்னு கேட்டாரா?

— கேட்டானே.

— அப்புறம் ஏன் வீட்டுக்கு வரல? இங்கேருந்து முன்னூறு தப்படி.

— அது... அவசரம் தங்கச்சி. அன்னிக்கே திரும்பணும்னான். பெரியவருக்கு ஓட்டுப் போடணும்னே வந்தவன். அவ்வளவு விசுவாசம்.

— பாலைவனம் தாண்டி வந்தவருக்கு ஆத்தங்கரை வரைக்கும் வர நேரமில்லாமப் போச்சாக்கும்.

— ஆம்பளைங்களுக்கு ஆயிரம் ஜோலி இருக்கும். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத. அடுத்த வருஷம் நம்ம ஊருக்குத் தார் ரோடு வருது, தெரியுமில்ல? பெரியவரே கையெழுத்துப் போட்டுட்டாரு.

— ரோடு வந்தா மிச்சம் இருக்கறவங்க போறதுக்கு வசதியா இருக்கும். அண்ணே, உங்க மவன் பேரும் அந்த நோட்டுல இருக்கா?

— எவன்?

— பெரியவன். போன மழைக்கு முன்னாடி பாலைவனத்து ஓரம் அகதேஸ் பக்கம் போனானே.

— இருக்கு.

— அவனும் வந்து போட்டானா? இப்ப எங்க இருக்கான்?

— போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கறான். மூணு மாசமா ஒரு பொம்பளைக் குரல்தான் என்னமோ அரபியில சொல்லுது... வாத்தியாரே, நான் ஜீப்போட வரேன். நோட்டை உறையில போட்டு ஒட்டி வையும்.

— போயிட்டான். நீ அழாத அக்பெனே.

— அழல. அவரு கண்ணாடி போட்டா எப்படி இருப்பாருன்னு நெனச்சுப் பாத்தேன். கண்ணு கூசும் அவருக்கு. சுண்ணாம்பு பட்டுப் பட்டு.

— அவன் சொன்னது அத்தனையும் பொய்ம்மா.

— கேக்க நல்லா இருந்துச்சு.

— இனிமே மறைச்சுப் பிரயோசனம் இல்ல. கேளு. அன்னிக்குக் காலையில ஏழு மணிக்குப் பெட்டியை வச்சேன். எட்டாச்சு, ஒன்பதாச்சு, ஒரு ஈ காக்கா இல்ல. பத்து மணிக்கு ஒரு ஆடு வந்துச்சு. அது கரும்பலகைக்குக் கீழ கெடந்த சாக்குத்துண்டை மோந்து பாத்துட்டுப் போச்சு. அவ்வளவுதான். மத்தியானம் தனியா உக்காந்து சோளக் களியைத் தின்னேன். உங்க மேல எனக்குக் கோவமே வரல. சொல்லப்போனா, ஒரு மாதிரி பெருமையா இருந்துச்சு. முப்பது வருஷமா இந்த ஊருக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்திருக்கேன். மொத தடவையா எல்லாரும் சேந்து ஒரு பதிலை எழுதியிருக்கீங்கன்னு தோணுச்சு.

— அப்புறம்?

— அஞ்சு மணிக்கு டோசே வந்தான். கூட மாவட்டத்துலேருந்து ஒரு அதிகாரி, ரெண்டு துப்பாக்கிக்காரங்க. அதிகாரி கத்தலம்மா, மெரட்டல. நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து, தன் பேனாவோட மூடியைக் கழட்டி என் பக்கம் நீட்டுனான். 'வாத்தியாருக்குக் கையெழுத்து அழகா இருக்கும்னு சொன்னாங்க'ன்னான். அவ்வளவுதான் சொன்னான்.

— நீங்க போட்டீங்க.

— அறுநூத்தி பதிமூணு. எல்லாமே நான் போட்டதுதான்.

— எல்லாமேவா?

— எல்லாமே. யாரு எப்படி எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? எல்லாருக்கும் கையைப் புடிச்சு எழுத வச்சதே நான்தானே. ஒருத்தன் சாய்ச்சு எழுதுவான். ஒருத்தி கோட்டுக்கு மேல ஏறிடுவா. பேரைப் படிப்பேன், மூஞ்சி வரும், கை தானா போடும். பாதிப் பேரு ஊர்லயே இல்லம்மா. கடைசி பெஞ்சுல உக்காந்தவங்க மொத்தமா போயிட்டாங்க. இவன் தூனிஸ்ல, அவன் அல்ஜியர்ஸ்ல, இவ குவைத்துல ஏதோ வீட்டுல பாத்திரம் கழுவுறா, இவன் எங்கன்னே தெரியல... வருகை எடுக்கற மாதிரி இருந்துச்சு. ஒருத்தனும் 'உள்ளேன்'னு சொல்லல.

— அவரு பேரு எந்தப் பக்கத்துல இருக்கு?

— நாப்பத்தியொண்ணு.

— பாக்கலாமா?

— பாரு. இனிமே என்ன ரகசியம். கீழேருந்து மூணாவது.

— அவரு கையெழுத்தேதான். மொத எழுத்துக்குக் கீழ இந்த வாலு... இழுத்துக்கிட்டே போயி பக்கத்துக் கட்டத்துல இடிக்கும். எனக்கு ஒரே ஒரு கடுதாசிதான் எழுதினாரு, அகதேஸ்லேருந்து. அதுலயும் இப்படித்தான்.

— எத்தனை அடி வாங்கியிருப்பான் அந்த வாலுக்கு! கேக்கவே மாட்டான்.

— அழகா போட்டிருக்கீங்க.

— அப்படிச் சொல்லாத. என்னைக் காறித் துப்பு, தாங்கிக்குவேன். இப்படிச் சொல்லாத. மூணு வாரமா எனக்குச் சோறு எறங்கல. ஊர்ல யாரு வீட்டு வாசல்லயும் நிக்க முடியல. எல்லாரும் வணக்கம் சொல்றாங்க, நான் தலையைக் குனிஞ்சுட்டுப் போறேன். பொண்டாட்டி இருந்தப்ப அவகிட்டயாவது சொல்லியிருப்பேன். இப்ப இந்தச் சுவருகிட்டதான் பேசிட்டிருக்கேன்.

— நீங்க போடலைன்னா வேற யாராச்சும் போட்டிருப்பாங்க.

— அப்படித்தான் நானும் எனக்குச் சொல்லிக்கிட்டேன். அதைவிடக் கேவலமான சமாதானம் இல்ல. சரி, நேரம் என்ன ஆகுது?

— வெயிலு படி வரைக்கும் வந்துருச்சு. பதினொண்ணு இருக்கும்.

— இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. அந்தச் சிவப்புப் பேனாவை எடு. அலமாரிக்கு மேல.

— எதுக்கு?

— அடிக்கப் போறேன். ஒண்ணு ஒண்ணா. மேல 'வரவில்லை'ன்னு எழுதி, கடைசிப் பக்கத்துல, 'இவை அனைத்தும் என் கையால் போடப்பட்டவை, இன்னார் முன்னிலையில்'னு எழுதி என் பேரைப் போடப் போறேன். ஜீப்புல ஏத்துறவன் பொரட்டியா பாக்கப் போறான்? ஒட்டுன உறை நேரா கோர்ட்டுக்குப் போவட்டும்.

— உங்களை உள்ள தள்ளிடுவாங்க.

— தள்ளட்டும். இங்க மட்டும் நான் எத்தனை பேரோட இருக்கேன்? பாரும்மா, நீ இன்னிக்கு வரலைன்னா எனக்கு இந்தத் தைரியம் வந்திருக்காது. மொத கோடு எடெம் பேருலதான். அவன் எங்க இருந்தாலும் சரி, செய்யாத காரியத்தைச் செஞ்சான்னு அவன் பேருல ஒரு பொய் இருக்கக் கூடாது. குடு பேனாவை.

— குடுக்க மாட்டேன்.

— என்ன?

— மத்ததெல்லாம் அடிங்க. என் பேரையும் அடிங்க. கோர்ட்டுல கூப்பிட்டா நானே வந்து, கதவைச் சாத்திட்டு உள்ள இருந்தேன்னு சாட்சி சொல்றேன். மெசான் பேரை ரெண்டு கோடா போட்டு அடிங்க. எம் புருஷன் பேரை மட்டும் விட்டுடுங்க.

— பைத்தியமா உனக்கு? எல்லாத்தையும் அடிச்சுட்டு ஒண்ணை மட்டும் விட்டா என்ன அர்த்தம் தெரியுமா? அன்னிக்கு இந்த ஊர்லயே நெசமா வந்து ஓட்டுப் போட்டவன் எடெம் ஒருத்தன்தான்னு ஆயிடும்.

— ஆவட்டும். கோர்ட்டே சொன்ன மாதிரி ஆவும். அப்புறம் எந்த மெசான் அவரைப் பொதைக்க முடியும்?

— அக்பெனே, கேளும்மா. பொய்யை அடிக்கிறேன்னு உக்காந்துட்டு ஒரு பொய்யை மட்டும் எப்படி விடுறது?

— அறுநூத்தி பன்னெண்டு பொய் அவங்களுக்குச் சொன்னீங்க. எனக்கு ஒண்ணு சொல்லக் கூடாதா? ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன்.

— சரி, இதைச் சொல்லு. நாளைக்கு அவனே போன் பண்றான்னு வை. 'நான் இங்கதான் இருக்கேன், நான் எங்க வந்து ஓட்டுப் போட்டேன்?'னு கேக்குறான். ஊர் முன்னாடி என்ன சொல்லுவ?

— பண்ண மாட்டாரு.

— அதை நீயோ நானோ எப்படிச் சொல்ல முடியும்? எத்தனை பேரு பத்து வருஷம் கழிச்சுத் திரும்பி வந்திருக்கான். நம்பிக்கையை விடாதம்மா.

— பண்ண மாட்டாரு வாத்தியாரே. நாலு வருஷத்துக்கு முன்னாடி கோம்லான்னு ஒருத்தரு என் வடைச் சட்டிகிட்ட வந்து உக்காந்தாரு. வாங்கவும் இல்ல, போகவும் இல்ல. கூட்டம் கலைஞ்சதும் சொன்னாரு. கடல்ல படகு கவுந்தப்ப எடெம் கை அவரு கையிலதான் இருந்துச்சாம். விடியற வரைக்கும் இருந்துச்சாம். அதுக்கு மேல புடிச்சிருக்க அவரால முடியலையாம். நான் அவருக்கு ஒரு பொட்டலம் வடை கட்டிக் குடுத்து, இந்த ஊர்ல யாருகிட்டயும் இதைச் சொல்லிடாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டு, பஸ் ஏத்தி விட்டுட்டு வந்தேன்.